பழைய பங்களாவின் தேக்குக் கட்டை ஓட்டல் கவுண்ட்டர் ஆகிறது!

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் புறப்பட்டு, சூளை சர்க்கிளைத் தாண்டி நடந்தால், கொஞ்ச நேரத்தில் பிரிகேட் ரோடு வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள சர்ச் ஸ்டிரீட், ரெசிடென்சி ரோடு, மக்ராத் ரோடு ஆகிய இடங்களில் பழைய ஓட்டல் ஒன்று மூடப்படுவதும், அதே இடத்தில் புதிய ஓட்டல் ஒன்று திறக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டது. புதிய ஓட்டல்களில் பல, மது பரிமாறும் ‘பார்’ வசதி கொண்டவை.

அப்படிப்பட்ட ஓட்டலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது நீளமான கவுண்ட்டர்தான். ஒரு காலத்தில் அதற்குப் பளபளக்கும் சன்மைக்கா ஒட்டினார்கள். பிறகு கருப்பு கிரானைட் வந்தது. இப்போது முதலாளிகளின் ஆசை வேறு பக்கம் திரும்பிவிட்டது. “பழைய மரத்தில் செய்யுங்கள். பழைய மரம் என்று பார்த்ததுமே தெரிய வேண்டும்” என்கிறார்கள்.

புது மரத்தைப் பழையதுபோல் காட்டுவதற்குக் கூட ஆள் இருக்கிறார்கள். சங்கிலியால் அடித்து, கரியைத் தேய்த்து, நூறு வயது ஏற்றிவிடுவார்கள். அது வேறு வித்தை. உண்மையான பழைய மரத்தில் வேலை செய்வது எப்படி, அதில் தச்சருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். பழைய மரம் என்றால் மலிவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை நம்பி விலை பேசுகிற ஆசாரிதான் கடைசியில் கையைச் சுட்டுக்கொள்கிறார்.

மரம் வந்த கதை

பெங்களூர் கண்டோன்மெண்ட்டை ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டில் அமைத்தார்கள். மதராஸ் மாகாணத்தில் இருந்து பட்டாளத்தோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள் மட்டுமல்ல. கொத்தர், தச்சர், சமையல்காரர், வண்டிக்காரர், கடைக்காரர் எல்லோரும் வந்தார்கள். சூளை என்ற பெயரே செங்கல் சூளையால் வந்த தமிழ்ப்பெயர்தான். 1881 முதல் 1947 வரை இந்தப் பகுதி ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில், மைசூர் அரசுக்குக் கட்டுப்படாமல், ஆங்கிலேயர் நிர்வாகத்தில் தனியாக இருந்தது. ஆஸ்டின் டவுனும் அந்த எல்லைக்குள் எழுந்த பேட்டைதான். கன்னட அகராதி தந்த ஜெர்மன் பாதிரியார் கிட்டல் நினைவாக அதற்குக் ‘கிட்டல் நகர்’ என்று பெயர் சூட்டினார்கள். ஆனாலும் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் ஆஸ்டின் டவுன் என்றுதான் சொல்கிறார்கள்.

வெள்ளைக்காரத் துரைகளுக்கு இங்கே பெரிய தோட்டங்களின் நடுவே பங்களாக்கள் எழுந்தன. முகப்பில் கூரான மரக்கூம்பும், பூவேலை செய்த பலகையும் இருக்கும். ‘மங்கி டாப்’ என்று அதற்குப் பெயர். பலகையிலும் கதவிலும் பூவேலை; தலைக்கு மேலேயோ பெரும்பாலும் ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறிய செங்கற்களை நிமிர்த்தி மூலைவாட்டமாகப் பதித்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து போட்டு, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்குவார்கள். ஒரு பங்களாவின் கூரையைப் பிரித்தால் தேக்குக் கட்டைகள் வண்டி வண்டியாக வரும்.

இந்தக் கட்டிட வேலைகளில் தமிழர் கூலியாக மட்டும் இருக்கவில்லை. இன்று ஐகோர்ட்டு இயங்கும் சிவப்பு நிற அட்டாரா கச்சேரி 1868ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் காண்டிராக்ட் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் பெயரிலுள்ள ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்களை அல்சூர் ஏரிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். 1980களில் அட்டாரா கச்சேரியையே இடித்துவிடலாம் என்ற யோசனை எழுந்தது. பொதுமக்கள் எதிர்த்தார்கள். கட்டிடம் பிழைத்தது. பெயர் இல்லாத பங்களாக்களுக்காக எதிர்க்க யாரும் வரவில்லை.

தேக்கு எங்கிருந்து வந்தது? மலபார், மைசூர்க் காடுகளில் இருந்தும் வந்தது. நிலம்பூரில் 1840களிலேயே கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போட்டார். என்றாலும் அந்தக் காலத்தில் பெரிய பெயர் பர்மா தேக்குக்குத்தான்.

பர்மாவில் மரத்தை உடனே வெட்ட மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெண்பகுதியையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்தால்தான் மிதக்கும் என்பது காரணம். பிறகு வெட்டி, யானை கட்டி இழுத்து, ஓடையில் தள்ளி, ஐராவதி ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்குக் கொண்டு வருவார்கள். அங்கே அறுத்துக் கப்பலில் ஏற்றுவார்கள்.

இந்த வியாபாரத்தால் ஒரு ராஜ்யமே போயிருக்கிறது. 1863ல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனிக்கும் தீபா மன்னருக்கும் மரக் கணக்கில் தகராறு வந்தது. அதைச் சாக்காக வைத்து 1885ல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். மன்னரைப் பிடித்து ரத்னகிரியில் சிறை வைத்தார்கள். இன்று கவுண்ட்டரில் முழங்கையை ஊன்றி உட்காருகிறவருக்கு இதெல்லாம் நினைவு வரப்போவதில்லை!

பர்மா தேக்கு வந்த வழியும் அடைபட்டுவிட்டது. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் மரத்தை உருட்டாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. ஆகவே முற்றிய, வைரம் பாய்ந்த பழைய தேக்குக்கு இடிக்கிற வீடுகளே காடு.

இடிப்பு

கர்நாடகத்தில் அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டம் 1972ல் வந்தது. அதன்பின் நிலத்தின் விலை ஏற ஏற, ஒரு குடும்பம் இருந்த பங்களாவின் இடத்தில் நாற்பது குடும்பம் இருக்கிற கட்டிடங்கள் எழுந்தன. இடிப்புக் காண்டிராக்டர் வீட்டை மொத்தமாக விலை பேசி எடுப்பார். கதவு, ஜன்னல், கட்டை, ஓடு, இரும்பு எல்லாம் அவருடையது. அவரிடம் இருந்து பழைய மரக்கடைக்குப் போகும். கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்தை ஒட்டிய பேம்பூ பஜார் பக்கம் மர வியாபாரத்துக்குப் பழைய இடம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடான இடம் காரைக்குடி. பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார், ரங்கூன் தேக்கைக் கப்பலில் கொண்டு வந்து வீடு கட்டினார்கள். 1942ல் பர்மா ஜப்பான் வசமானது. தொழில் போயிற்று. வாரிசுகள் பெருகி, பராமரிக்க முடியாமல் போன வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. அந்தத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் சாத்தி வைக்கப்பட்டிருப்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். பெங்களூர் ஓட்டல்காரர்களும் அங்கே போகிறார்கள்.

தட்டிப் பார்த்து வாங்கு!

பழைய மரக்கடையில் எல்லா மரமும் ஒரே நிறம். அழுக்கும் சுண்ணாம்பும் பெயிண்ட்டும் மூடியிருக்கும். அனுபவமுள்ள ஆசாரி முதலில் தூக்கிப் பார்ப்பார். ஒரு கன அடி தேக்கு சுமார் 18 கிலோ இருக்கும். அதைவிட மிகவும் லேசாக இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. அடுத்தது சுத்தியால் தட்டுவார். நல்ல மரம் ‘கணீர்’ என்னும். உளுத்த மரம் ‘பொத்’ என்னும். சந்தேகம் வந்த இடத்தில் உளிமுனையால் குத்துவார்.

சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு முனைகளைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். மழைநீர் இறங்கியதும், கரையான் ஏறியதும் அங்கேதான். ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் வெண்பகுதியைப் பூச்சி தின்னும். வைரத்தை எளிதில் தொடாது. துளையைச் சுரண்டினால் மாவுபோல் புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டையை ஓட்டலுக்குள் கொண்டுபோனால் நாற்காலி, ஜன்னல் எல்லாவற்றுக்கும் விருந்தாளி வந்த மாதிரி!

ஒரு கொசுறு: சாயம் பூசிய மலேசியா மரங்களையும் தேக்கு என்று தள்ளிவிடுவது உண்டு. ஓரத்தில் ஒரு இழைப்பு இழைத்து, பொன்னிறத்தையும், தொட்டால் வருகிற லேசான எண்ணெய்ப் பிசுக்கையும், தேக்குக்கே உரிய வாசனையையும் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

வாங்குவது பதினாறு, நிற்பது ஏழரை

இப்போது கணக்குக்கு வருவோம். பல ஆசாரிகள் கைவிரலில் போட்டுப் பார்த்து ஏமாறுகிற கணக்கு இது.

16 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அங்குல கனத்தில் கவுண்ட்டரின் மேல்பலகை வேண்டும். இதில் உள்ள மரம் 4 கன அடி. முன்புறம் மூன்றரை அடி உயரத்துக்கு முக்கால் அங்குலப் பலகை அடிக்க வேண்டும். அது 56 சதுர அடி; மரமாகச் சொன்னால் மூன்றரை கன அடி. மொத்தம் ஏழரை கன அடி. உள்சட்டத்தை வேறு மரத்திலோ இரும்பிலோ செய்துகொள்ளலாம்.

புது மரம் என்றால் ஏழரைக்குக் கொஞ்சம் சேதாரம் சேர்த்து வாங்கினால் போதும். பழைய மரத்தில் கிடைப்பது, 3க்கு 6 அங்குலம், 10 அடி நீளமுள்ள கூரைக்கட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டை ஒன்றேகால் கன அடி. நான்கு பக்கமும் கால் கால் அங்குலம் அழுக்கும் வெடிப்பும் போக இழைத்தால் நிற்பது இரண்டரைக்கு ஐந்தரை. சுவரில் இருந்த முனைகளை அரை அரை அடி நறுக்கினால் நீளம் 9 அடி. ரம்பம் ஏறுவதற்கு முன்பே ஏறக்குறைய நூற்றுக்கு 31 பங்கு மரம் சுருளாகவும் துண்டாகவும் போய்விட்டது.

மேல்பலகையின் அகலத்துக்கு இப்படி ஐந்து வரிசை. நீளத்துக்கு வரிசைக்கு இரண்டு. ஆகப் பத்துக் கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் ஒன்றரை அங்குலப் பலகை ஒன்றை எடுத்தபின் முக்கால் அங்குலப் பலகை ஒன்று மிஞ்சும். அவற்றை முன்புறத்துக்கு அடித்தால் 39 சதுர அடிதான் மூடும். பாக்கிக்கு இன்னும் மூன்று கட்டை. மொத்தம் 13 கட்டை. அதாவது பதினாறேகால் கன அடி விலை கொடுத்து வாங்கி, கவுண்ட்டரில் நிறுத்துவது ஏழரை கன அடி!

கடைக்காரர் சொல்கிற கன அடி விலை புதுத் தேக்கில் பாதி என்றாலும், கடைசியில் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பது இப்போது புரியும். இது மரத்தின் கணக்கு மட்டும்தான். கூலியின் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

ஆணி

பழைய மரத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் முதலில் சொல்கிற வார்த்தை ‘ஆணி’. கூரைக்கட்டை, கதவு நிலை, தரைப்பலகை எதுவானாலும் நாலைந்து தலைமுறை அதில் ஆணி அடித்திருக்கும். படம் மாட்ட ஒன்று, மின்சார ஒயர் போக ஒன்று, திரை கட்ட ஒன்று. தலை முறிந்து மரத்துக்குள்ளேயே போனவையும் உண்டு. அவற்றின் மேல் மக்கு வைத்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது.

காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் ஓட்டிப் பார்ப்பது பழைய முறை. கைக்கருவியாக மின்சாரக் கண்டுபிடிப்பானும் வந்திருக்கிறது. எது இருந்தாலும், கண்டுபிடித்த ஒவ்வொரு ஆணியையும் சுற்றிச் செதுக்கி, குறடால் பிடித்து, மரம் பிளக்காமல் பிடுங்க வேண்டும். தவறவிட்ட ஒரே ஒரு ஆணி, இழைப்பு மெஷினின் கத்தியைப் பல் போட்டுவிடும். அறுவை மில்லில் பட்டை ரம்பம் அறுந்தால் ஆளுக்கே ஆபத்து. அதனால் பழைய மரம் என்றாலே அறுவை மில்காரர் முகம் சுளிப்பார். பிளேடு போனால் அதன் காசைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

புது மரத்தில் முதல் வேலை அறுப்பது. பழைய மரத்தில் அதற்கு முன்பே பொறுக்குவது, கழுவுவது, சுரண்டுவது, ஆணி எடுப்பது, முனை நறுக்குவது என்று ஐந்து வேலை இருக்கிறது. இந்த ஐந்துக்கும் ‘ரன்னிங் அடிக்கு இவ்வளவு’ என்று பேசும் விலையில் இடமே கிடையாது. ஓட்டல் முதலாளி பார்ப்பது 16 அடி கவுண்ட்டர். ஆசாரியின் பையன் நாள் முழுக்கக் குறடும் கையுமாக உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மட்டும் பேரம் பேசுவதில்லை.

பெங்களூரில் உள்அலங்கார வேலைக்கு இப்போது ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத் தச்சர்கள் நிறைய வருகிறார்கள். பிளைவுட்டும் லேமினேட்டும் ஒட்டுகிற வேலையில் அவர்கள் கை மிக வேகம். அந்த வேகத்துக்கு ஏற்பட்ட அடிக்கணக்கையே பழைய மரத்துக்கும் பேசுவதுதான் தகராறுக்கு மூலம். பிளைவுட் பலகைக்குள் ஆணி இருக்காது!

பெயிண்ட்டில் விஷம்

சம்பளம் குறைந்தால் அடுத்த வேலையில் ஈடு கட்டலாம். உடம்பு கெட்டால் கட்ட முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பழைய வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் கலந்திருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016ல் செய்யப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட்டுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதை ‘சாண்டர்’ மெஷினால் உலர்ந்தபடியே தேய்த்தால் தூள் மூக்கில் ஏறும். தீப்பந்தம் காட்டிச் சுட்டால் ஆவியாக ஏறும். ஈயம் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கிறது. பட்டறை வீட்டோடு சேர்ந்த சந்துகளில், தூள் படிந்த சட்டையோடு போய்க் குழந்தையைத் தூக்குகிற தகப்பன்மார் இதை நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுவதும், சரியான முகமூடி போடுவதும், சுரண்டியதைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துவதும், சட்டையை மாற்றிக் கை கழுவிய பிறகு சாப்பிடுவதும் பெரிய செலவு அல்ல.

ரயில்வே ஸ்லீப்பர் கட்டைக்கும் ஓட்டல்காரர்களிடம் மோகம் இருக்கிறது. தண்டவாளத்துக்குக் கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தபின் மரக் கட்டைகள் வெளியே வந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பூச்சி அரிக்காமல் இருக்கக் ‘கிரியோசோட்’ என்ற தார் எண்ணெயை ஊற வைத்திருப்பார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. வெயில் நாளில் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட கட்டையின்மேல் தட்டு வைத்துச் சாப்பிடக் கூடாது. தோட்டத்தில் படிக்கட்டுக்குப் போடுவதைக் கூட யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பீனியா, பொம்மசந்திரா தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு மெஷின்களோடு வரும் பைன் மரப் பெட்டியும் ‘பேலட்’ சட்டமும். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். அதில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை ஒன்று இருக்கும். மரத்தில் பூச்சி நாடு தாண்டாமல் இருக்க 2002ல் ஏற்பட்ட உலக விதிப்படி குத்தப்படுவது அது. முத்திரையில் எச்.டி. என்று இருந்தால் சூடு காட்டிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற விஷ வாயுவைச் செலுத்தியிருக்கிறார்கள்; விட்டுவிடுவது நல்லது. முத்திரையே இல்லாமல், எண்ணெய்க் கறையோடு இருந்தால் அதையும் தொடவேண்டாம்.

கவுண்ட்டர் எழுகிறது

சுத்தமான கட்டைகளை உடனே ஒட்டிவிடக் கூடாது. கூரையில் நூறு வருடம் காய்ந்த மரமும், இடித்தபின் மழையில் கிடந்தால் ஈரம் குடித்திருக்கும். அறுத்த பலகைகளை இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, ஓட்டல் கட்டிடத்துக்குள்ளேயே கொஞ்ச நாள் வைத்தால் அந்த இடத்துக்குப் பழகிக்கொள்ளும். ஏ.சி. போடப்போகிற இடம் என்றால் இது மிகவும் அவசியம். இல்லாவிட்டால் திறப்பு விழாவுக்கு மறுமாதம் பலகைகளுக்கு நடுவே காசு நுழைகிற அளவு இடைவெளி தெரியும்.

பலகைகளின் பக்கங்களை ஒளி புகாதபடி இழைத்து, காடி எடுத்து, ஒன்றோடொன்று கோத்து ஒட்டுவார்கள். தேக்கில் இயற்கையாக எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்கு முன் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை பிடிக்காது. இந்த ஒரு துடைப்பைச் சோம்பலால் விட்டுவிட்டு, பிறகு கம்பெனிப் பசையைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்! மேல்பலகையை உள்சட்டத்தோடு திருகும்போது துளையைக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். மழைக்காலத்தில் பலகை அகலும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் நடுவில் வெடிக்கும்.

பதினாறு அடிப் பலகை சுமார் 72 கிலோ. பட்டறையில் முழுதாகச் செய்துவிட்டு, முதல் மாடி ஓட்டலின் படிக்கட்டில் திருப்ப முடியாமல் திண்டாடுவது பழைய கதை. இரண்டு பாகமாகக் கொண்டுபோய், அங்கே கோத்து ஒட்டுவதே வழி. படிக்கட்டை முதலில் அளக்க வேண்டும், அப்புறம்தான் மரத்தை.

உயரம் சாதாரண மேஜை உயரம் அல்ல. வாடிக்கையாளர் பக்கம் 42 அங்குலம். அதற்கு 30 அங்குல ஸ்டூல். நின்றுகொண்டு பேசுகிறவருக்கும் முழங்கை படும். மேல்பலகை எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் முன்னே நீண்டிருந்தால்தான் உட்காருகிறவரின் முழங்கால் இடிக்காது. கால் வைக்க ஏழெட்டு அங்குல உயரத்தில் பித்தளைக் கம்பி ஓடும். உள்பக்கம் வேறு உலகம். பரிமாறுகிற பையன் எட்டுப் பத்து மணி நேரம் அங்கே நிற்கிறான். அவனுடைய வேலைப்பலகை 34 முதல் 36 அங்குலம் இருக்க வேண்டும்; அதில் தொட்டி, ஐஸ் பெட்டி, தண்ணீர் வடிகால் எல்லாம் வர வேண்டும். படம் வரைகிறவர்கள் வாடிக்கையாளர் பக்கத்தை அழகாக வரைந்துவிட்டு இந்தப் பக்கத்தை மறந்துவிடுவது உண்டு. மறந்ததன் பலன் அந்தப் பையனின் முதுகில் தெரியும்.

கடைசியாக பாலிஷ். வீட்டு அலமாரிக்கு அழகாக இருக்கும் அரக்கு பாலிஷ் இங்கே உதவாது. அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்தான். பார் கவுண்ட்டரில் சிந்துவதும் அதுதான்! ஒரு கோப்பை சிந்தினால் வெள்ளையாக வட்டம் விழும். துடைத்தால் பாலிஷே கையோடு வரும். மதுவையும் சூட்டையும் தாங்குகிற பி.யு. பூச்சு தேவை. ஆணித் துளைகளை மூடி மறைக்காமல் தெளிவான எப்பாக்சி ஊற்றி நிரப்பினால், துளை தெரியும், அழுக்கு சேராது. முதலாளி காசு கொடுத்து வாங்குவதே அந்தத் துளைகளைத்தானே!

பளபளப்பு அதிகமானாலும் அவருக்குப் பிடிக்காது. பழைய கட்டையின் இரும்புக் கறை, ஆணியைச் சுற்றி ஓடும் கருப்பு நரம்பு, பழைய ரம்பத்தின் பல் தடம் எல்லாம் தெரிய வேண்டும். எவ்வளவு இழைப்பது, எங்கே நிறுத்துவது என்பதை எந்தப் படமும் சொல்லாது. இரண்டு இழைப்பு குறைந்தால் சிலாம்பு கையில் ஏறும். இரண்டு கூடினால் புது மரம்போல் ஆகிவிடும். அங்கேதான் கைக்குக் கூலி.

எப்படிப் பேசுவது?

விவரம் தெரிந்த ஆசாரிகள் பழைய மர வேலையை ஒரே தொகையாகப் பேசுவதில்லை. இரண்டாகப் பிரிக்கிறார்கள். மரத்தைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, பலகையாக இழைத்துக் கொடுக்கிற வரைக்கும் நாள் கூலி. பலகை ஆனபிறகு கவுண்ட்டர் செய்வதற்குத்தான் அடிக்கணக்கு. எத்தனை ஆணி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத மரத்துக்கு முன்கூட்டியே எப்படி விலை சொல்ல முடியும்?

மரத்தை முதலாளியே வாங்கிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. சேதாரம் அவர் கணக்கில் போகும். ஆசாரி வாங்குவதாக இருந்தால் பில் இல்லாமல் வாங்கக் கூடாது. வழியில் லாரியை நிறுத்தி, மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்குக் காகிதம் வேண்டும். அறுவை மில்லில் பிளேடு அறுந்தால் யார் பொறுப்பு என்பதையும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பணம் வாங்குவதிலும் ஒரு முறை உண்டு. ஓட்டல் திறக்கிற தேதி எப்போதும் தள்ளிப் போகும். லைசென்ஸ் வரவில்லை, கரண்ட் வரவில்லை, தண்ணீர் வரவில்லை. ‘திறந்ததும் பாக்கி தருகிறேன்’ என்ற வார்த்தையை நம்பியவர்கள், மாதக்கணக்கில் நடந்திருக்கிறார்கள். மரம் இறங்கியதும் ஒரு பங்கு, பலகை ஆனதும் ஒரு பங்கு, கவுண்ட்டர் நின்றதும் ஒரு பங்கு, பாலிஷ் முடிந்ததும் மீதி என்று பேசிவிட்டால் திறப்பு விழா எப்போது நடந்தாலும் ஆசாரிக்குக் கவலை இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். மீதி மரம் யாருக்கு? பதினாறேகால் கன அடியில் ஏழரை போக, பாதி சுருளும் தூளும்தான். பிடுங்கிய ஆணியைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போடலாம். ஆனால் ஒரு அடி, இரண்டு அடித் துண்டுகள் சாக்கு நிறைய மிஞ்சும். ரங்கூனில் இருந்து வந்த அதே தேக்கு. சில முதலாளிகள் அதையும் எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். கேட்காத முதலாளி வாய்த்தால், அந்தத் துண்டுகள் மணையாகவும், விளக்குப் பலகையாகவும், பிள்ளைகள் ஏறி நிற்கிற முக்காலியாகவும் ஆஸ்டின் டவுன் வீடுகளுக்கு வந்து சேர்கின்றன.